லிஃப்ட் பரிசோதகரின் தங்கை

பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் பரிசோதகருக்கு அந்த ஸ்க்ரூ ஞாபகம் வந்தது.

"போச்சு!" என்றார், வாய் நிறைய நுரையோடு.

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "என்ன போச்சு? துப்பிட்டுப் பேசுங்க."

"பாப்பா வீட்டுக் குளியலறையில கைப்பிடிக் கம்பி மாட்டினேன் இல்ல? நாலு ஸ்க்ரூ. அதுல மூணுதான் துருப்பிடிக்காதது. நாலாவது கைவசம் இல்லைன்னு சாதா ஸ்க்ரூவைப் போட்டேன். அப்புறமா மாத்திக்கலாம்னு இருந்தேன். மறந்தே போயிட்டேன்."

"மூணு நல்லாத்தானே இருக்கு?"

"மூணு நல்லா இருந்து என்ன பிரயோஜனம்? விழறவங்க எல்லாரும் நாலாவதுலதான் விழறாங்க."

லிஃப்ட்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் அலுவலகத்தில் அவருக்கு இருபத்தெட்டு வருட வேலை. லிஃப்ட்டில் ஏறுகிறவர்கள் எல்லாரும் எந்த மாடிக்குப் போகிறோம் என்று நினைப்பார்கள். அவர் மட்டும் எது அறுந்து விழும் என்று நினைப்பார். அதற்குத்தான் சம்பளம். ஆனால் அந்த நினைப்பை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வர அவருக்குத் தெரியவில்லை.

பாப்பா என்பது அவருடைய தங்கை. வயது நாற்பத்து மூன்று. பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் கையும் காலும் அவள் சொல்பேச்சுக் கேட்பதில்லை. நாக்கும் அப்படித்தான். ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து வாளி இழுப்பதுபோல இழுத்துத்தான் வெளியே கொண்டுவர வேண்டும். அறிவில் ஒரு குறையும் கிடையாது. நாளிதழை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்து, அதிலுள்ள எழுத்துப் பிழைகளை விரலால் தட்டிக் காட்டுவாள்.

அவள் பேச ஆரம்பித்தபோது அவருக்குப் பதினாறு வயது. அம்மாவுக்கே விளங்காத பேச்சு அவருக்கு விளங்கியது. அன்றிலிருந்து அவள் சொல்வதை ஊருக்கு எடுத்துச் சொல்வது அவர் பொறுப்பாயிற்று. நாளாக நாளாக, அவள் சொல்லாததையும் சேர்த்துச் சொல்லப் பழகிவிட்டார். மருத்துவர், "வலிக்குதாம்மா?" என்று கேட்பார். அவள், "இல்லை" என்பாள். "கொஞ்சம் வலிக்குதாம் டாக்டர். ஆனா பொறுத்துக்கிறாளாம்" என்பார் அண்ணன்.

அப்படிப்பட்டவளைப் பிரிந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

உடல் இயலாதவர்கள் சொந்தமாக வீடு எடுத்து வாழத் துணைநிற்கும் அமைப்பு ஒன்றுக்கு, கைப்பேசியில் ஒரு விரலால் தட்டித் தட்டி அவளே எழுதிப் போட்டு, அவர்களும் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இரண்டு அறை பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் ஒரு பெண் உதவியாளர் வந்து போவார். அவர் எதையும் தானாகச் செய்யமாட்டார். தங்கை என்ன சொல்கிறாளோ அதை மட்டும் செய்வார். சட்டைக்குப் பொத்தான் போடு என்றால் போடுவார். சொல்லாவிட்டால், பொத்தான் திறந்து கிடந்தாலும் அது அவருடைய விஷயம் இல்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும். குடிபோன அன்றைக்கு வந்த கடிதம்தான் பரிசோதகரைக் கொன்றுவிட்டது. 'முதல் ஒரு மாதம் குடும்பத்தினர் எவரும் நேரில் வரக் கூடாது. மாலையில் ஒரு முறை தொலைபேசலாம். மீறினால் ஏற்பாடு முழுவதும் மறுபரிசீலனை செய்யப்படும்.' கீழே அமைப்பின் முத்திரை.

"கல்நெஞ்சக்காரங்க" என்றார் மனைவியிடம். "மறுபரிசீலனைன்னா என்ன அர்த்தம் தெரியுமா? வீட்டைப் பிடுங்கிடுவோம்னு அர்த்தம்."

விதியென்றால் அவருக்கு விதிதான். ஊராரை விதிக்குக் கட்டுப்படுத்தியே தலை நரைத்தவர் அவர். பத்தொன்பது நாளும் போகவில்லை. இரண்டு தடவை அவளுடைய தெருமுனைவரை நடந்துபோய்த் திரும்பியிருந்தார். தெருவுக்குள் காலை வைக்காததால் அது கணக்கில் சேராது என்பது அவர் தீர்ப்பு.

இப்போது இந்த ஸ்க்ரூ.

உதவியாளருக்குத் தொலைபேசினார்.

"அந்தக் கம்பியா? நல்லா கெட்டியா இருக்கு சார்."

"கெட்டியா இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?"

"நானே பிடிச்சுத் தொங்கிப் பார்த்தேன்."

"எந்தப் பக்கம் தொங்கினீங்க?"

"சார், உங்க தங்கச்சி காத்துக்கிட்டு இருக்காங்க. சாயந்தரம் பேசுங்க."

வலப்பக்கமா இடப்பக்கமா என்று தெரியாமல் ஒரு மனிதன் எப்படி அலுவலகம் போவான்? தனக்குத் தெரிந்த பிளம்பரைக் கூப்பிட்டார். விதியில் குடும்பத்தினர் வரக் கூடாது என்றுதான் இருந்தது. பிளம்பரைப் பற்றி ஒன்றும் இல்லை.

"ஒரே ஒரு ஸ்க்ரூ. மாத்திட்டு வந்துடணும். யார் அனுப்பினாங்கன்னு கேட்டா, கட்டடத்துலேருந்துன்னு சொல்லு."

"பொய் சொல்லணுமா சார்?"

"நீ கட்டடத்துக்குள்ளேருந்துதானே சொல்லப்போறே? பொய் எங்கே வந்தது?"

பத்து மணிக்குச் சற்று முன்னால் பிளம்பர் தொலைபேசினார். "சார், ஸ்க்ரூ போட்டாச்சு."

"அப்பாடா."

"சாதா அளவு வேண்டாம்னு கொஞ்சம் பெரிசாவே போட்டேன். ஜென்மத்துக்கும் அசையாது."

"ரொம்ப சந்தோஷம். பாப்பா ஏதாவது கேட்டாளா?"

"யார் அனுப்பினாங்கன்னு கேட்டாங்க. கட்டடத்துலேருந்துன்னேன். சிரிச்சாங்க சார்."

"ஏன் சிரிச்சா?"

"தெரியலை. ஆனா ஒரு சின்ன விஷயம்."

"அது என்ன சத்தம் அங்கே?"

"அதான் சார் அந்தச் சின்ன விஷயம்."

பெரிய ஸ்க்ரூவுக்காகப் பெரிய துளை போட்டதில், சுவருக்குள் போன தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டிருந்தது. கீழே காவலாளி ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டியின் வால்வை மூடுவதற்குள், குளியலறை நிறைந்து, கூடம் நிறைந்து, நடைவழிக்கு வந்த தண்ணீர் தனக்குப் பிடித்த ஓர் இடத்தைக் கண்டுபிடித்து அதற்குள் இறங்கியது. லிஃப்ட் கதவின் இடுக்கு.

பத்தரை மணிக்குப் பரிசோதகரின் மேசைக்கு ஒரு புகார் வந்தது. லிஃப்ட் குழியில் தண்ணீர், லிஃப்ட் இரண்டாவது மாடியில் நின்றுவிட்டது, உடனே ஆள் தேவை. முகவரியைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"நான் வேணா போகட்டுமா?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"வேண்டாம். இது என் லிஃப்ட்" என்றார் பரிசோதகர்.

குடும்பத்தினர்தான் போகக் கூடாது. அரசாங்கம் போகலாம். தலைக்கவசத்தைப் புருவம்வரை இழுத்து மாட்டிக்கொண்டு, தூசுக்குக் கட்டும் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். லிஃப்ட்டின் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் குழிக்குள் விளக்கடித்தார். கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். அடியில் இருந்த பாதுகாப்பு சுவிட்ச் நனைந்திருந்தது. யோசிக்க ஒன்றுமில்லை. பையிலிருந்து சிவப்பு அறிவிப்புகளை எடுத்து ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒட்டினார். மூன்றாவது மாடியில் மட்டும் பூனைபோல நடந்து போய் ஒட்டிவிட்டுத் திரும்பினார்.

காவலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "சார், எப்படியாவது கிளப்பி ஒரே ஒரு தடவை மட்டும் ஓட்டிக்கலாமா? மூணாவது மாடில சக்கர நாற்காலியில ஒரு அம்மா இருக்காங்க. பன்னெண்டு மணிக்கு அவங்க கீழே இறங்கியாகணும்."

"எதுக்கு?"

"அவங்களுக்கு வேலைக்கு நேர்முகம் சார். மூணு தெரு தள்ளி ஒரு அச்சகத்துல. ப்ரூஃப் பார்க்கிற வேலை. ஒரு வாரமா இதே பேச்சுதான். காலையில என்கிட்டகூட, எந்தச் சட்டை நல்லா இருக்குன்னு ரெண்டைக் காட்டிக் கேட்டாங்க."

பரிசோதகருக்குத் தலைக்கவசத்துக்குள் வியர்த்தது. நேர்முகம். ஒரு வாரம். ஏழு மாலை தொலைபேசியில் பேசியிருக்கிறாள். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்றாள், தூங்கினாயா என்றால் தூங்கினேன் என்றாள். காவலாளிக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை.

"அந்த அம்மாவைத் தெரியுமா சார் உங்களுக்கு?"

"தெரியாது" என்றார்.

சொன்ன பிறகு அந்தச் சொல் வாயிலேயே கசந்து நின்றது. நாற்பத்து மூன்று வருடத்தில் அவளைத் தெரியாது என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஒரே ஒரு தடவை சார். இறக்கி விட்டுட்டு உடனே நிறுத்திடலாம்."

ஒரு தடவைதானே என்று கெஞ்சிய எத்தனையோ பேரை அவருக்குத் தெரியும். அந்த ஒரு தடவையில் போனவர்களின் வீடுகளுக்கும் அறிக்கை எழுதப் போயிருக்கிறார். அந்த வீடுகளில் யாரும் அவரைத் திட்டியதில்லை. உட்காருங்கள் என்றுதான் சொன்னார்கள். அதை அவரால் மறக்க முடிந்ததில்லை.

"முடியாது" என்றார். "எனக்கே ஒரு தங்கச்சி இருந்தாலும் இதையேதான் சொல்வேன்."

ஆனால் பன்னிரண்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சட்டைக்கையை மடித்துக்கொண்டு குழிக்குள் அவரே இறங்கினார். இது பரிசோதகரின் வேலை அல்ல, பராமரிக்கிறவர்கள் செய்ய வேண்டியது. வாளி வாளியாக அவர் மொண்டு கொடுக்க, காவலாளி வாங்கி வாங்கி வெளியே ஊற்றினார். இருபத்தெட்டு வருடமாக அடுத்தவர் வேலையைக் குறை சொன்ன முதுகு, ஐம்பதாவது வாளியில் பழிவாங்கியது. குழி வற்றியது. சுவிட்ச்சைத் துடைத்தார். மேலேயிருந்து ஒழுகிய தண்ணீர் லிஃப்ட்டின் கூரைமேல் இருக்கும் மின்பெட்டிக்குள் போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டால் முடிந்தது.

லிஃப்ட் இரண்டாவது மாடியில் நின்றதால், அதன் கூரைக்கு மூன்றாவது மாடிக் கதவு வழியாகத்தான் போக வேண்டும். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். அடிமேல் அடி வைத்து மேலே போனார். நடைவழியில் யாருமில்லை. சாவியால் கதவைத் திறந்து, கூரைமேல் இறங்கி, பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு குவளைத் தண்ணீர் இருந்தது.

இன்றைக்கு மட்டுமில்லை, நாளைக்கும் இந்த லிஃப்ட் ஓடாது.

இருட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு ஸ்க்ரூ. அதையும் யாரும் கேட்கவில்லை. அவள் விழாமலிருக்க நாற்பது வருடம் கையை நீட்டிக்கொண்டே நின்ற அண்ணன், கடைசியில் அவள் போகும் வழியையே அடைத்துவிட்டான்.

அப்போது தங்கை வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சக்கர நாற்காலியின் மோட்டார் முனகிக்கொண்டு நேரே லிஃப்ட்டைப் பார்த்து வந்தது. பரிசோதகர் எட்டிக் கதவை இழுத்தார். இரண்டு விரல்கடை இடைவெளியில் அது சிக்கிக்கொண்டது. அதன் வழியாக ஒரு சக்கரம் தெரிந்தது. படிக்கட்டில் யாரோ மூச்சிரைக்க ஏறி வருவதும் கேட்டது.

"வணக்கம்மா. அச்சகத்துலேருந்து வர்றேன். நான்தான் மேலாளர்."

"வாங்க" என்றாள் தங்கை. "சிரமம்... கொடுத்துட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. லிஃப்ட் நின்னுடுச்சு, நீங்க வர முடியுமான்னு நீங்களே போன் பண்ணிக் கேட்டீங்க பாருங்க, வேலை கேட்டு வர்றவங்க யாரும் என்னை இப்படிக் கூப்பிட்டதில்லை."

"வீடு... ஈரம். இங்கேயே... பேசலாம்."

உதவியாளர் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். பரிசோதகர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவள் தொலைபேசினாளா? யார் எடுத்துச் சொன்னது? அந்தப் பக்கம் இருந்தவருக்கு எப்படி விளங்கியது?

மேலாளர் இரண்டு பக்கத்தைக் கொடுத்தார். அவற்றில் பதினொரு பிழைகள் இருந்தன. அது அவருக்கு மட்டும் தெரிந்த கணக்கு. நடைவழி அமைதியாயிற்று. தங்கையின் விரல் தாளில் தட்டும் சத்தமும், உதவியாளர் பென்சிலால் அந்த இடத்தை வட்டமிடும் சத்தமும் மட்டும் விட்டு விட்டுக் கேட்டன. கால் மணி நேரம் போயிருக்கும்.

"பன்னெண்டு வட்டம் போட்டிருக்கீங்க. நான் வெச்சது பதினொண்ணுதான்" என்றார் மேலாளர்.

"ஏழாவது... வரி."

தாள் சரசரத்தது. "அட, ஆமாம்" என்றார் மேலாளர். குரல் மாறிவிட்டது. "சரிம்மா, ஒண்ணு கேக்கறேன். இந்த வேலைக்கு ஏன் வரணும்னு நினைக்கிறீங்க?"

"தப்பு... எனக்கு... கண்ல... படும்."

"மன்னிக்கணும். எனக்குச் சரியா விளங்கலை. கண்ல... கண்ல ஏதாவது பிரச்சினையா?"

தங்கை மறுபடி ஆரம்பித்தாள். "தப்பு..." அடுத்த சொல் வரவில்லை. பரிசோதகருக்குத் தெரியும், அவசரப்பட்டால் அவளுக்கு இரண்டாவது சொல் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். ஒன்று, இரண்டு, மூன்று என்று விநாடிகளை எண்ணினார். நான்காவது விநாடியில் நாற்பது வருடப் பழக்கம் அவரை மீறிக்கொண்டு வந்தது.

"தப்பு தன் கண்ல படும்னு சொல்றா!"

லிஃப்ட்டின் சுரங்கம் முழுக்க அந்தக் குரல் மோதி, மேல்மாடிவரை போய்த் திரும்பி வந்தது. மேலாளர் துள்ளி எழுந்த வேகத்தில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி சாய்ந்தது.

தங்கை திடுக்கிடவில்லை. லிஃப்ட் கதவைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள். "அண்ணா. வெளிய... வா."

கதவு திறந்தது. முட்டிவரை சேறும், முகமெல்லாம் கிரீஸுமாக, கசங்கிய அரசாங்கச் சட்டையோடு ஓர் உருவம் தவழ்ந்து வெளியே வந்தது.

"வணக்கம்" என்றார் மேலாளரிடம். "நான் லிஃப்ட் பரிசோதகர். இவளோட அண்ணன். அவ என்ன சொல்ல வந்தான்னா..."

"நீ... பேசாதே."

பரிசோதகர் வாயை மூடிக்கொண்டார். படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். தங்கை மூச்சை ஒருமுறை நன்றாக இழுத்து விட்டாள். பிறகு மேலாளர் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக, அவசரமில்லாமல் பேசினாள். பேச்சின் நடுவே இரண்டு தடவை அவர் "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். இரண்டு தடவையும் சொன்னாள். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை, தலையை ஆட்டினார். அவருக்கு விளங்கிவிட்டது. கூட யாரும் இல்லாமலேயே விளங்கிவிட்டது.

பரிசோதகர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் ஏதோ கனத்தது. சந்தோஷம்தான் என்று நினைத்தார். ஆனால் சந்தோஷம் இவ்வளவு வலிக்கும் என்று அவருக்குத் தெரியாது.

பேச்சு முடிந்ததும் தங்கை லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்த சிவப்புத் தாளைக் காட்டினாள். "அதுல... ரெண்டு... தப்பு."

எல்லாரும் பார்த்தார்கள். 'இந்த லிஃப்ட்டை பயன்படுத்த கூடாது.'

"அதுல என்ன தப்பு? இருபத்தெட்டு வருஷமா அதைத்தான் ஒட்டறேன்" என்றார் பரிசோதகர்.

"லிஃப்ட்டை... ப். பயன்படுத்த... க்."

மேலாளர் கிட்டே போய், தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். அவர் காது சிவந்தது. "இதை அடிச்சுக் கொடுத்தது எங்க அச்சகம்தான்" என்றார். "அம்மா, நீங்க அடுத்த வாரமே வந்துடுங்க. லிஃப்ட் ஓடுற வரைக்கும் தாளை நாங்க வீட்டுக்கே அனுப்பறோம்."

அவர் போன பிறகு அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"பாப்பா, நேர்முகம்னு என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா... நீ... வந்திருப்பே."

"சொல்லலைன்னாலும் வந்துட்டேனே."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்தால் உடம்பு முழுவதும் சிரிக்கும், நாற்காலியே ஆடும். கோணலாக ஆடிய கையை அவர் பக்கம் நீட்டி, அவர் கன்னத்துக் கிரீஸை ஒரு விரலால் தொட்டாள். பிறகு, "வீடு... துடைக்கணும். நீ... போ" என்றாள். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பரிசோதகர் படியிறங்கினார். தரை துடைக்கும் வாளியோடு உதவியாளர் பின்னாலேயே வந்தார். இரண்டாவது மாடி வளைவில் பரிசோதகர் நின்று, இரண்டு கையையும் கூப்பினார்.

"அம்மா, தப்பு முழுக்க என்னுது. பிளம்பரை அனுப்பினது நான். வரக் கூடாதுன்னு தெரிஞ்சே வந்ததும் நான். உங்க அமைப்போட விதியை மீறினது நான்தான்னு எழுதி, கையெழுத்துப் போட்டுத் தர்றேன். மறுபரிசீலனை அது இதுன்னு சொல்லி அவ வீட்டை மட்டும் எடுத்துடாதீங்க."

உதவியாளர் வாளியைப் படியில் வைத்தார்.

"எங்க அமைப்புல அப்படி ஒரு விதியே கிடையாது சார். அந்தக் கடிதத்தை எழுதினது உங்க தங்கச்சி, முத்திரை மட்டும்தான் எங்களோடது. முதல்ல ஒரு வருஷம்னுதான் எழுதினாங்க, அப்புறம் 'பாவம், அண்ணனால தாங்க முடியாது'ன்னு அவங்களே அடிச்சுட்டு ஒரு மாசமாக் குறைச்சாங்க."